ஒரு மழை பார்த்த பொந்து

அந்தத் தோப்பில் பொந்து வாடகைக்கு வேண்டுமென்றால் மரங்கொத்தியிடம்தான் போக வேண்டும். குடைவதும் அவர்தான், குடி வைப்பதும் அவர்தான்.

முட்டையிட நாள் நெருங்கிய கிளி ஒன்று வந்தது. வேப்பமரத்தின் புதுப் பொந்து பார்த்ததும் பிடித்துப்போனது.

"இன்றைக்கே வந்துவிடுகிறேன்."

"ஒரு மழை போகட்டும் அம்மா. மழை பார்க்காத பொந்தை நான் யாருக்கும் விடுவதில்லை."

"நாளைக்கோ மறுநாளோ முட்டை வந்துவிடும். ஒழுகினால் என் பாடு, விடுங்கள்."

"முட்டையின் பாடு," என்றார் மரங்கொத்தி.

கிளி கோபித்துக்கொண்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மதியம் மழை கொட்டியது. வயிற்றுக் கனம் தாங்காமல் அது அந்தப் பொந்துக்கே பறந்துபோய் எட்டிப் பார்த்தது.

உள்ளே மரங்கொத்தி தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். பின்பக்கத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் குடைந்ததுதான், தப்பு என்னுடையது. இதை உங்களுக்குத் தர முடியாது."

"அப்போ நான் எங்கே போவேன்?"

"எதிர் மரத்தில் என் பொந்து இருக்கிறது. மூன்று மழைக்காலம் பார்த்தது. அங்கே போங்கள். இதைச் சரிசெய்து முடிக்கும்வரை நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்."

எதிர் மரத்துப் பொந்து காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. கிளி அங்கேயே முட்டையிட்டது.

வெடிப்பைப் பிசின் வைத்து அடைத்த அன்று ஒரு மைனா வந்தது. "இந்தப் பொந்து காலிதானே? இன்றைக்கே வரலாமா?"

மரங்கொத்தி வாயைத் திறக்குமுன் எதிர் மரத்திலிருந்து கிளி தலையை நீட்டியது.

"ஒரு மழை போகட்டும்," என்றது.