நஞ்சுத் தவளைக்குச் சாப்பாடு

“கையை எடு, சுபத்திரா! அது நஞ்சுத் தவளை, தொட்டாலே சாவு!” பரமநாதன் அலறினார். “என்ரை மகளுக்கு ஒண்டு நடந்தால் மன்னார் முழுக்க என்ன கதைக்கும்? அண்ணி போடட்டும்.”

மகன் கப்பலுக்குப் போன எட்டு மாதமாக, அவன் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த நீலத் தவளைகளுக்கு மருமகள் யசோதாதான் வெறுங்கையால் பழ ஈ போடுகிறாள்.

இன்று ஒரு தவளை அவள் மணிக்கட்டில் தாவியது.

“ஐயோ, அண்ணி!”

யசோதா சிரித்தாள். “பயப்படாதை. காட்டில எறும்பு திண்டாத்தான் அதுக்கு நஞ்சு. தொட்டியில பிறந்து பழ ஈ தின்னுறதுக்கு நஞ்சில்லை. உன்ரை அண்ணர் முதல் நாளே சொன்னவர்.”

பரமநாதன் மூச்சு விட்டார். “எனக்கேன் பிள்ளை சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே, மாமா. நஞ்செண்டு நினைச்சுக்கொண்டுதானே எட்டு மாதமா என்னைச் சாப்பாடு போட விட்டனீங்கள்?”