தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்

திரையில் இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன.

சிவப்பு, பழைய நிரல் சொன்ன புகை. நீலம், திருத்திய நிரல் சொல்லும் புகை. பதினோராம் நிமிடம்வரை இரண்டுக்கும் இடையே மயிரிழை வேறுபாடும் இல்லை.

“பாத்தீங்களாண்ணா? உங்க வரி தப்பிச்சிடுச்சு. நான் அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் இடிஞ்சுபோய் உக்காந்துட்டீங்க” என்றாள் தோழி, ஒலிபெருக்கியின் வழியே.

ஒன்பது ஆண்டுகளாக அவரோடு இந்த மென்பொருளை எழுதி வருபவள். வேறொரு கண்டத்தில் இருந்தாள். இருவரும் ஒருமுறையேனும் நேரில் கண்டதில்லை. நிரலில் அவர் எங்கே அடைப்புக்குறியை மூட மறப்பார் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் யார் யார் என்பது தெரியாது.

மென்பொருளின் பெயர் ‘வளி’. இறைவனைக் காற்றென்று போற்றும் பழம்பாடல்களில் ஊறியவர் அவர். பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. காற்றும் நீரும் புகையும் ஓரிடத்தில் எவ்வாறு ஓடும் என்று அது கணித்துக் காட்டும். எந்த அமைப்பில் நன்றாக ஓடும் என்று தேடியும் தரும். எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். காற்றுக்கு விலை வைப்பது பாவம் என்பது அவர் கட்சி.

யாரோ எடுத்தார்கள். சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் புகையை வெளியேற்றும் வாய்களை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். ஆயிரம் அமைப்புகளை ஓட்டிப் பார்த்து, சுவரின் அடிப்புறமே சிறந்தது என்றது வளி.

இருபத்திரண்டு நாட்களுக்கு முன் அந்நிலையத்தில் தீப்பற்றியது. பதினெட்டுப் பேர் புகையில் மாண்டனர். நாள்தோறும் விடியலில் ஓதி வந்தவர், அன்றோடு ஓதுவதை விட்டார்.

பிறகு ஒருநாள் நிரலைத் திறந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவரே எழுதிய வரி அங்கேயே இருந்தது. வெளியேறும் வாயில் காற்று எதிர்த்துத் திரும்பினால் கணக்கு நிலைகுலைந்து நின்றுவிடும்; ஆகவே, திரும்பும் காற்றைச் சுழியம் என்று கொள்ளும்படி எழுதியிருந்தார். போனது போனதுதான், மீளாது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். பிறகு நீக்குக.’

தீப்பற்றிய அன்று வெளியே காற்று பலமாக வீசியது. போன புகை மீண்டிருக்குமா? அந்த வரி கொன்றதா, இல்லையா?

அதை அறியத்தான் இரண்டு நிரல்களையும் நாற்பது மணிநேரம் ஓடவிட்டிருந்தார்கள்.

“விசாரணைக்காரங்க வந்தா இந்தப் படத்தை மூஞ்சிக்கு நேரா நீட்டுங்க. அப்புறம் போய்ச் சாப்பிடுங்க. குரலே கிணத்துக்குள்ளேர்ந்து வருது.”

“இது எந்த உயரத்துலம்மா?”

“எப்பவும் போலத்தான். ஒண்ணு புள்ளி ஆறு மீட்டர். ஆளு நின்னு மூச்சு விடற உயரம்.”

அவர் அந்த எண்ணை அழித்தார். விரல்கள் விசைப்பலகையின்மேல் சற்று நின்றன. பிறகு அடித்தார்: 0.98.

பகிர்ந்த திரையில் அவளும் பார்த்தாள்.

“தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டரா? என்னண்ணா, குள்ளங்களுக்கா ரயில் விடறாங்க?” தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தாள்.

அவர் பொத்தானை அழுத்தினார்.

கோடுகள் பிரிந்தன.

நீலம் நான்காம் நிமிடத்திலேயே செங்குத்தாக எழுந்தது. வெளியே போய்க் குளிர்ந்த புகை, போன வாய் வழியாகவே திரும்பி, தரையோடு தரையாக ஊர்ந்து, நின்றவர்களின் மார்புக்குக் கீழே கரிய ஏரியாகத் தேங்கியிருந்தது. சிவப்போ பன்னிரண்டாம் நிமிடம்வரை அசையாமல் கிடந்தது. அந்த வரி இல்லாதிருந்தால் அடிச்சுவரை வளி தேர்ந்திருக்காது.

மேடையிலிருந்து தெருவுக்கு ஏற ஏழு நிமிடம் ஆகும்.

தோழியின் சிரிப்பு நின்றிருந்தது. கேட்டாள்: “அண்ணா, இந்த உயரத்துல அங்க யாரு?”

“சீட்டு வாங்க வேண்டாதவங்கம்மா.”

இணைப்பைத் துண்டித்தார்.

வளியின் பிழைப் பதிவைத் திறந்தார். உலகில் எவரும் படிக்கக்கூடிய பக்கம் அது. இரண்டே தொடர்கள் எழுதினார்: ‘திரும்பும் காற்றைச் சுழியமாக்கும் வரி தவறு. எழுதியவன் நான்.’ படத்தையும் இணைத்தார்.

எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

கட்டிலின் ஓரத்தில் மனைவி அமர்ந்திருந்தாள். வலக்கை விரல்கள் எதையோ பற்றியவை போல் மடங்கியே இருந்தன. மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் சொல்வதையே அவரைக் கண்டதும் சொன்னாள்.

“என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தாங்க நடந்து வந்தா. எனக்கு மூச்சு முட்டவே இல்ல. காத்து நல்லாத்தான் இருந்துச்சு.”

யாரும் அதை நம்பவில்லை. அவரும்தான். ஒருநாள், நீ எங்கே பார்த்துக்கொண்டு வந்தாய் என்றுகூடக் கேட்டுவிட்டார்.

அந்நிலையத்தின் நுழைவாயில் தூணில், ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் மஞ்சள் கோடு ஒன்று உண்டு. அதற்கு எட்டாதவர்களுக்குச் சீட்டு இல்லை. தனக்கென்று ஒரு சீட்டு வேண்டும் என்று போகும்போதெல்லாம் நுனிக்காலில் நின்று பார்ப்பாள் மகள். ஒரு விரற்கடை, இரண்டு சென்டிமீட்டர், குறையும்.

உச்சியிலிருந்து மூக்குவரை பத்து சென்டிமீட்டர்.

அவர் தரையில், மனைவியின் காலடியில் உட்கார்ந்தார்.

“ஆமா” என்றார். “உன் உயரத்துக்கு நல்லாத்தான் இருந்துச்சு.”