யார் பேரு முந்தி?

"திரும்பப் போடு."

இது நாலாவது தடவை. கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் நாகராசு. செல்வராணி பல்லைக் கடித்துக்கொண்டு வீடியோவை ஓட விட்டாள்.

ஆலங்குடி பிளக்ஸ் கடையில் அவளுக்கு லேமினேஷன் வேலை. மூணு மாசமாக யூடியூப் பார்த்து, தினம் பத்து செகண்டுக்குக் கம்ப்யூட்டரில் எதையாவது வரைந்து அசைய வைத்துப் பழகினாள். துள்ளுகிற பந்து, பிரேக் போட்டதும் முன்னால் சாயும் டவுன் பஸ், மரத்திலிருந்து விழும் தேங்காய். முதல் தேங்காய் பஞ்சு மாதிரி மிதந்து வந்தது. கடையே சிரித்தது. விடுவாளா? 'தொப்'பென்று விழும்வரை ஒன்பது தேங்காய் போட்டாள்.

"இந்தக் காதுகுத்து வீடியோ பத்திரிகை ஓகே ஆச்சுன்னா திங்கக்கிழமையிலேருந்து நீ டிசைனர். இல்லாட்டி லேமினேஷனே கதி" என்று சொல்லியிருந்தார் கடைக்காரர் பிச்சை.

காதுகுத்து நாகராசின் தங்கச்சி மகளுக்கு. தாய்மாமன் ரெண்டு பேர், நாகராசும் அவர் தம்பி செம்மலும். வரப்புத் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. பேப்பர் பத்திரிகை என்றால் ரெண்டு பேரையும் ஒரே வரியில் அடித்துத் தப்பிக்கலாம். வீடியோவில் பேர் ஒவ்வொன்றாக அல்லவா வரும்? யார் பேர் பிந்தினாலும் வெட்டுக்குத்துதான்.

செல்வராணி யோசித்து, ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமிருந்து ஒரே நேரத்தில் பந்து மாதிரி துள்ளி வர வைத்திருந்தாள்.

"சரியில்ல" என்றார் நாகராசு. வாசலில் அவர் ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"ரெண்டும் சமமாத்தாண்ணே வருது."

"அதான் சரியில்லங்கிறேன்."

ஓகோ, சங்கதி அப்படிப் போகுதா! 'நாகராசு' மட்டும் முந்தி வந்து நிற்கும்படி மாற்றினாள்.

"சுத்தமா கெடுத்துட்டியே!"

எழுத்தைப் பெரிசாக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார் பிச்சை. ஆக்கினாள். தங்கக் கலர் கொடுத்தாள். பேருக்குப் பின்னால் வாணவேடிக்கையும் விட்டாள்.

"ஏத்தா, நான் என்ன சொல்றேன், நீ என்ன பண்ற?" நாகராசு எழுந்தேவிட்டார்.

திங்கக்கிழமை போச்சு என்று செல்வராணிக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது.

"பேருக்கு இம்புட்டு ஆசையாண்ணே? இனி ஒங்க தம்பி பேரத் தூக்கிட்டாத்தான் உண்டு!"

"ஏய், வாய மூடு" என்று பதறினார் பிச்சை.

நாகராசு வாசலைத் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்து ஊர்க்காரர்கள் ஏறிப் போயிருந்தார்கள். மெல்ல உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

"அவன் பேர முந்தி விடு ஆத்தா. அந்தத் தங்கக் கலரு, வேட்டு எல்லாத்தையும் அவனுக்கே குடு, இந்த நிமிசமே ஓகே சொல்றேன். கோவக்காரப் பய, அப்பத்தான் காதுகுத்துக்கு வருவான். புள்ள அவன் மடியிலதான் அழுவாம உக்காரும்... நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிப்புடாத."