ஏழாம் நம்பர் அறை

மங்கள விலாஸ் லாட்ஜை அருங்காட்சியகமாக்கிய பிறகு ஏழாம் நம்பர் அறைக்குத்தான் கூட்டம் அலைமோதியது. அங்கேதான் அந்த இரட்டைக் கட்டில் இருந்தது.

“அந்தக் காலத்துல புருஷன் பொண்டாட்டி ஒண்ணாவே இதுல தூங்குவாங்க. கால் மணி நேரம் படுத்துப் பாருங்க” என்றார் காவலாளி.

மரகதவேலுவுக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். எல்லோரையும்போல வீட்டில் அவருக்கு ஒரு உறக்கப்பெட்டி, சௌந்தரிக்கு ஒன்று. மூடியைச் சாத்திவிட்டால் இடி விழுந்தாலும் காலை வரை கேட்காது.

“சும்மா படுங்க, நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்” என்று சௌந்தரி அவரை இழுத்தாள். சுற்றிப் பார்த்த களைப்பில் படுத்ததுமே தூங்கிப்போனாள்.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கிளம்பியது. கரகரவென்று ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, புஸ்ஸென்று இறங்கியது. மரகதவேலு பதறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்.

“ஐயா, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு!”

காவலாளி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “குறட்டைங்க. கீழே ஒலிப்பதிவு பண்ணி வெச்சிருக்கோம். நிஜமா நானே இப்பத்தான் கேக்கறேன்.”

மரகதவேலு மெதுவாகத் திரும்பிவந்து பக்கத்தில் படுத்தார். கால் மணி நேரம் கழிந்தது. வெளியே வரிசை முணுமுணுத்தது. அவர் கதவை லேசாகத் திறந்தார்.

“கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்க. என் சம்சாரம் குறட்டை விடறா” என்றார் பெருமையாக.