திருட்டுக் காற்று

“நாளைக்கும் வண்டி நின்னுதுன்னா என் வேலை போயிடும் பாய். நீங்கதான் காப்பாத்தணும்!”

மந்தைவெளி ஷெட்டுக்குள் அம்பாசடரைக் கொண்டுவந்து நிறுத்திய டிரைவர் அய்யாதுரைக்குச் சட்டையெல்லாம் வேர்வை.

மெக்கானிக் பீர் முஹம்மது டீயை முழுசாகக் குடித்து முடித்தார். அவசரப்படுகிற ஆளா அவர்? தன்னடக்கம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

“என் கைக்கு வந்து சரியாவாத வண்டி இன்னும் ஃபாக்டரியில செய்யல நைனா. இன்னா பண்ணுது, சொல்லு.”

“தினம் காலையில கடைக்குப் போறப்போ ஒரே எடத்துல நின்னுடுது. கோபாலபுரம் திருப்பத்துல, ஒரு பச்சை கேட்டு வீட்டு வாசல்ல. நான் பானெட்டைத் தொறந்துக்கிட்டு நிப்பேன். மொதலாளி பின் சீட்ல உக்காந்துக்கிட்டு, ‘வண்டி ஓட்டத் தெரியாதவன்லாம் டிரைவரா’ன்னு கத்துவார். தெருவே வேடிக்கை பாக்குது. மானம் போவுது பாய்.”

“ஷெட்டுக்கு இட்டார வேண்டியதுதானே?”

“விட்டாத்தானே! ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ங்கிறார். இன்னிக்கு வடபழனியில ஒரு கல்யாணம்னு மச்சினர் கார்ல போயிருக்கார். அதான் தெரியாம எடுத்தாந்துட்டேன்.”

“பாண்டி பஜார்ல அம்மாம் பெரிய ஜவுளிக்கடை வெச்சுக்கினு, ஒரு ரிப்பேருக்கு மனசு வரல. கஞ்சப் பிசினாறி!” என்றவர், திடீரென்று நெற்றியைச் சுருக்கினார். “ஆமா, மந்தைவெளியிலேர்ந்து பாண்டி பஜாருக்கு கோபாலபுரம் இன்னாத்துக்கு?”

“அந்த வழியாத்தான் போகணும்பார்.”

பாய் கண்ணைச் சிமிட்டினார். “சின்ன வீடு எதுனா கீதா?”

“சேச்சே! சஷ்டி தவறாம விரதம் இருக்கிற மனுஷன். வண்டி நின்னா எறங்கக்கூட மாட்டார். பேப்பரைப் பிரிச்சு மூஞ்சிக்கு முன்னால புடிச்சுக்குவார். நான் வேலைக்குச் சேர்ந்தே மூணு மாசந்தான் ஆவுது, எனக்கென்ன தெரியும்?”

பீர் முஹம்மது இன்ஜினை ஓடவிட்டுக் காதைச் சாய்த்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் மேனிஃபோல்டு குழாய், இன்ஜினோடு சேருகிற இடத்தில் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தடதடத்துக் கொண்டிருந்த இன்ஜின் ஒரு நிமிஷம் அமைதியானது. பிறகு பழையபடி தடதடத்தது.

“ஆப்ட்டுக்கிச்சு! உள்ள போற காத்து கார்புரேட்டர் வழியாத்தான் போவணும். இங்க சந்தை அடைக்கிற பேக்கிங் கிழிஞ்சு, திருட்டுக் காத்து பூந்துக்கினு கீது. வேகமாப் போறப்போ தெரியாது. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தியோ, இன்ஜின் மூச்சு நின்னுடும். மத்த எடத்துல லேசா மிதிச்சுக்கினே போயிடலாம், அந்தக் குறுகலான திருப்பத்துல காலை முழுசா எடுக்காம எவன் ஓட்டுவான்? உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

அய்யாதுரைக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய் மேனிஃபோல்டைக் கழற்றினார். ஒட்டிக்கொண்டிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். நடுவிலிருந்து ஆரம்பித்து, எல்லா நட்டையும் ஒரே சீராக முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சமர்த்தாக ஓடியது.

“இனிமே இது எங்கியும் நிக்காது. நின்னா என் பேரை மாத்திக்கிறேன்!”

மறுநாள் மத்தியானம் அதே அம்பாசடர் ஷெட் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டில் முதலாளி சண்முகவேல். ஸ்டியரிங்கில் அய்யாதுரை, முகத்தில் ஈயாடவில்லை.

“யாருவே பீர் முஹம்மது? யாரைக் கேட்டு என் வண்டியில கை வச்சீரு?”

பாய்க்கும் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னைத் திட்டுங்க மொதலாளி, கேட்டுக்கிறேன். ஆனா இவனை வேலையை விட்டுத் தூக்குனீங்கன்னா, அது அநியாயம். நான் கை வெச்சப்புறம் வண்டி நின்னுதா? அதைச் சொல்லுங்க.”

“நிக்கல.”

“அப்புறம் இன்னா?”

“அதாம்வே, நிக்கல!”

முதலாளி வண்டியை விட்டு இறங்கினார். ஷெட்டில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, பாயின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்தப் பச்சை கேட்டு வீடு என் மக வீடு. என் பேச்சை மீறிக் கல்யாணம் கட்டிக்கிட்டா. உன் வாசல்ல என் வண்டியை நிறுத்த மாட்டேன்னு சொந்தக்காரன் அம்புட்டுப் பேரு முன்னாலயும் சொல்லிப்புட்டேன். சொன்னா சொன்னதுதான், நான் நிறுத்த மாட்டேன். வண்டி தானா நின்னா நான் என்ன செய்ய?”

பீர் முஹம்மது ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

“வண்டிக்கு ஊத்தன்னு மக தண்ணி குடுத்து விடுவா. பேத்திதான் தூக்க முடியாமத் தூக்கிக்கிட்டு வருவா. பேப்பருக்கு மேல ஒரு கண்ணு பாத்துக்கிடுவேன், அம்புட்டுத்தான். இன்னைக்கும் சொம்போட வெளிய வந்து நிக்கா பிள்ள. வண்டி பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டு.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். “அந்தப் பேக்கிங்கைப் பழையபடி கிழிச்சு வச்சுரும் பாய்.”

பாய் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். யோசித்தார். திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

“நல்லாக்கீற வண்டியைக் கெடுக்கிற வேலை எனக்குத் தெரியாது மொதலாளி. அய்யாதுரை, நாளைக்கு அந்தத் திருப்பத்துல சாவியைத் திருப்பி நீயே அணைச்சுடு. மொதலாளி, நீங்க மட்டும் மறக்காம இவனைத் திட்டணும்.”