அப்படி யாரும் இல்லை

விறகை அடுக்கி, கரிமூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தோம். பைக்கில் வந்த ஏட்டய்யா, "மதன்குமார் வீடு எதுய்யா?" என்று கேட்டார்.

மதன்குமார் என் அண்ணன் மகன். ஜெர்மனியில் படிக்கிறான். அவன் அம்மா மாயக்காள் என் பக்கத்தில்தான் நின்றாள். அங்கே என்ன வம்பில் மாட்டினானோ, பிடிக்க வந்துவிட்டார்கள் என்று பயந்து, இருவரும் கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டோம்.

"அப்படி யாரும் இந்த ஊர்ல இல்லைங்கய்யா" என்றேன்.

"அவன் அம்மா பேரு மாயக்காளாமே?"

மாயக்காளே முன்னால் வந்தாள். "அந்தச் சண்டைக்காரி குடும்பத்தோட திருப்பூருக்குப் போயி வருசம் பலவாச்சுங்கய்யா."

"இந்த வெயில்ல திருச்சுழியில இருந்து வந்தேன் பாரு" என்று சலித்துக்கொண்டு, எதையோ எழுதிக்கொண்டு போனார்.

"பிள்ளையைக் காப்பாத்திட்டீக மதினி" என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் அவனே போனில் கூப்பிட்டான்.

"அம்மா, என் பாஸ்போர்ட்டு முடியப் போகுது. புதுசு வந்தாத்தான் இங்க மிச்சப் படிப்பைப் படிக்க விடுவாக. நான் நம்ம ஊர்க்காரன்தானான்னு விசாரிக்க போலீஸ்காரர் வருவாராம். சித்தப்பாவைக் கூட வச்சுக்கிட்டு நல்லபடியாச் சொல்லும்மா."

மாயக்காள் போனை என்னிடம் நீட்டினாள்.