தெலுங்கு இடம் ஒன்று

"இந்தம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாதுங்க சார். நான் சொன்னாத்தான் உண்டு" என்றாள் ராஜலட்சுமி. பக்கத்து நாற்காலியில் நாராயணம்மா கையைக் கட்டிக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருந்தாள். கூட வந்த பையனை உள்ளே மற்றப் பிள்ளைகளோடு விளையாட விட்டிருந்தார்கள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான் ஆனந்த்.

"வேப்பனப்பள்ளி பஸ்ல பாத்தேனுங்க. ஒத்தாசைக்குக் கூட வந்தேன்."

ஆனந்துக்கு மனசு குளிர்ந்தது. ஓசூரில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்துக்கு அவன்தான் பொறுப்பாளன். திருநெல்வேலியிலிருந்து வந்த இரண்டே மாதத்தில், 'தெலுங்குக் குடும்பங்களுக்குத் தெலுங்கிலேயே உதவி' என்று திட்டம் போட்டு மேலிடத்தில் சபாஷ் வாங்கியிருந்தான்.

அதற்காக அவன் படாத பாடில்லை. குழந்தைகளுக்குக் காட்டும் பட அட்டைகளில் முள்கரண்டியைத் தூக்கிவிட்டு ராகிக் களி உருண்டையை வரையவைத்தான். வாசலில் தெலுங்கில் 'நல்வரவு' எழுதி ஒட்டினான். அது தலைகீழாக இருந்ததை ஒரு மாதமாக யாரும் சொல்லவில்லை.

தமிழ் வரிசையில் நாற்பத்தேழு குழந்தைகள் அடுத்த வருஷத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். தெலுங்குக்கு ஒதுக்கிய ஒரே ஒரு இடத்துக்கோ ஈ, காக்கைகூட வரவில்லை. இன்று கடைசி நாள். ஆள் சேராவிட்டால் திட்டத்துக்கே மூடுவிழா.

"பையன் ராத்திரி தூங்கறானான்னு கேளுங்க."

ராஜலட்சுமி தெலுங்கில் கேட்டாள். நாராயணம்மா, "லேது" என்று இல்லையெனத் தலையாட்டினாள்.

"தூங்கறதே இல்லீங்களாம் சார். ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஃபேன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறானாம். ஹவுஸ் ஓனர் வந்து கத்துறாராம். காலையில குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடறானாம்."

ஆனந்த் அசந்துபோனான். ஒரு வார்த்தைக்குள் இத்தனையா! தந்தி அடிக்கத் தோதான பாஷை என்று நினைத்துக்கொண்டான்.

"பள்ளிக்கூடம் போறானா?"

"லேது."

"மூணு ஸ்கூல்ல சேத்தாங்களாம் சார். மூணுலயும் டி.சி.யைக் கையில குடுத்துட்டாங்களாம். பெத்தவளுக்கு வளக்கத் தெரியலைன்னு சொந்தக்காரங்க பேசறாங்களாம். இங்கயும் இல்லைன்னுட்டா வேற போக்கிடமே கிடையாதாம்." சொல்லும்போதே ராஜலட்சுமியின் குரல் உடைந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்து நாராயணம்மாவும் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

ஆனந்துக்கும் கண் கலங்கிவிட்டது. மொழிபெயர்ப்பு என்றால் இதுவல்லவா மொழிபெயர்ப்பு! பையன் பெயர் ஹரீஷ்குமார், வயது ஆறு என்று ராஜலட்சுமி சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்பி, டொம்மென்று முத்திரை குத்தினான்.

"இடம் ஹரீஷ்குமாருக்குத்தான். இனிமே யார் வந்து கேட்டாலும் மாத்த முடியாது. அம்மாகிட்ட சொல்லுங்க."

ராஜலட்சுமி அதைத் தெலுங்கில் சொல்ல மறந்தே போனாள். மேசையில் தலையைக் கவிழ்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். என்ன மனசு இந்தம்மாவுக்கு, பஸ்ஸில் பார்த்த யாரோ ஒருத்திக்காக இப்படி உருகுகிறாளே என்று ஆனந்த் நெகிழ்ந்துபோனான்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நாராயணம்மா கையில் வைத்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பையன்களைக் காட்டி, மகனுக்கு நீங்களே கொடுங்கள் என்று சைகை செய்தான்.

நாராயணம்மா எழுந்து போய்க் கண்ணாடி வழியாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, கணீரென்ற தமிழில் கேட்டாள்:

"ஏம்மா ராஜலட்சுமி, இதுல உம் பையன் யாரு?"